தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஒரு கிராமசபை

ஜமுனாவைப் பஞ்சாயத்துத் தலைவியாக்கியவர்கள் எங்கள் குப்பத்து ஆண்கள்தான். அவள் வாய் திறக்கமாட்டாள் என்று நம்பித்தான் ஆக்கினார்கள். அந்த யோசனையை முதலில் சொன்னவன் என் மகன் தினகரன். அவனைப் பெற்றவள் நான் என்பதால் இதைச் சொல்கிற கடமையும் எனக்கு உண்டு. அவனுக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டால் காதை மூடிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊராட்சியில் இரண்டு ஊர். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது எங்கள் மணல்திட்டுக் குப்பம். படகும் வலையும் வைத்திருக்கிற சனம். ஏரியின் சேற்றுக் கரையை ஒட்டி இருப்பது ஏரிமேடு. அங்கே இருக்கிற பழங்குடிச் சனத்திடம் படகும் இல்லை, வலையும் இல்லை. தண்ணீர் இறங்குகிற நேரத்தில் இடுப்பளவு ஏரியில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையாக இருந்தால் பிடித்த இறாலை எங்கே போடுவது? பனையோலையில் பின்னிய பறியைக் கயிற்றால் பல்லில் கவ்விக்கொள்வார்கள். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம், வாயில் பறியோடுதான் இருப்பார்கள். பேச முடியாது. கெளுத்தி முள் குத்தினாலும் கத்த முடியாது. ஜமுனாவின் உதட்டு ஓரம் இரண்டு பக்கமும் வெடித்துத் தழும்பாகிப் போயிருக்கும்.

அந்த முறை எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பழங்குடிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். குப்பத்தில் கூட்டம் போட்டார்கள். என் மகன் சொன்னான்: "ராஜேந்திரன் பொண்டாட்டி ஜமுனாவ நிக்க வைப்போம். ராஜேந்திரன் என் படகுலதான் வேலை செய்யிறான். அவ பல்லுல எந்நேரமும் பறி. பேசவா போறா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன பயன்?

ஜமுனா எட்டு வயதில் பெற்றவர்களோடு எளாவூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனவள். திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தாள். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பாள், மெதுவாக, ஆனால் விடமாட்டாள். இதையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் இருபது வருஷம் அவளைத் தினமும் பார்த்தேன், பேர் கேட்டதில்லை.

ஜெயித்தாள். என் மகன் துணைத் தலைவன் ஆனான். தலைவர் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதிலும் அவள் உட்காரவில்லை, கீழே சுவரோரம் குந்திக்கொண்டாள். அவன் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று.

அப்புறம்தான் இந்திராணி எங்கள் ஊருக்கு வந்தாள். பக்கத்துக் குப்பத்தில் முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவள். புருஷனே அவள் பேரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "நான் மெம்பரா இருந்தேன்னு அஞ்சாவது வருஷம்தான் எனக்கே தெரிஞ்சிது" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கோபத்தில் ஏரிக்கரை ஊர்களில் பதவியில் இருக்கிற பெண்கள், குழுத் தலைவிகள், சத்துணவுக் கூடத்துக்காரிகள் எல்லோரையும் தேடித் தேடிச் சேர்த்தாள். பதினொரு ஊர். "துணை" என்று பேர் வைத்தாள். காலை மீன் ஏலம் முடிந்ததும் எங்கள் ஏலக் கொட்டகையைக் கழுவிவிட்டு அங்கேயே உட்காருவார்கள்.

துணையில் ஒரே ஒரு சட்டம். எந்தப் பெண்ணும் ஆபீசுக்குத் தனியாகப் போகக்கூடாது, கூட இரண்டு பேர் போக வேண்டும். ஆனால் கூடப் போகிற இரண்டு பேரும் வாய் திறக்கக்கூடாது. போனவள்தான் பேச வேண்டும். நான் மீன் விற்கிறவள், பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். முதல் முறை நாக்கைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மீன் விற்கிற நான் இதில் எப்படிச் சேர்ந்தேன் என்றால், வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஏரிமேட்டுப் பெண்கள் எங்கள் கொட்டகைக்குள் வந்து உட்காருவதா என்று சண்டை போடவும் போனேன். கொட்டகையின் ஒரு கோடியில் ஜமுனா நின்றுகொண்டிருந்தாள். இந்திராணி மறு கோடியில்.

"உம் பேர் இன்னா?" என்று இந்திராணி கத்தினாள்.

"ஜமுனா."

"கேக்கல!"

"ஜமுனா!"

"மீனு கூட திரும்பிப் பாக்கலடி. இன்னும்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏய், தொண்டையில இருந்து கத்தாத. அடி வயித்துல இருந்து எடு. ஏலம் கூவுறத கேட்டதே இல்லையா?" என்று நான் கூவிக் காட்டினேன். அவள் கூவினாள். கொட்டகைக் கூரையில் இருந்த காக்கைகள் பறந்தன. அன்றைக்கே நான் துணையில் சேர்ந்தாயிற்று. சண்டை போட வந்தது மறந்தே போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் இந்திராணியும் ஜமுனாவோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். அவள் நேராகப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் குந்திக்கொண்டோம். பத்து மணிக்கு என் மகன் வந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இன்னா ஜமுனா, ஃபேன் காத்துக்கா குந்திக்கின?"

"இல்லீங்க. தலைவர் நாற்காலி இது. அதான் குந்திக்கினேன்."

அவன் என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீ இன்னாத்துக்கு இங்க கீற?"

சட்டப்படி நான் பேசக்கூடாது. சிரித்தேன்.

அடுத்த நாள் என் மகன் ராஜேந்திரனுக்குப் படகில் இடமில்லை என்று சொல்லிவிட்டான். அவனும் பெண்டாட்டியோடு ஏரியில் இறங்கி இறால் பிடிக்கப் போய்விட்டான். "படகுல போனா தினகரன் மூஞ்சியப் பாக்கணும். இங்க இறா மூஞ்சி. பரவால்ல" என்று ஜமுனாவிடம் சொன்னானாம்.

இப்போது கிராமசபைக்கு வருகிறேன். ஏரிமேட்டிலிருந்து தண்ணீருக்குப் போகிற வழியில் எங்கள் ஆண்கள் வலைக் கொட்டகை கட்ட மூங்கில் நட்டுவிட்டார்கள். அந்தப் பெண்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்த வழி பொதுவழி என்று கிராமசபையில் தீர்மானம் போடுவேன் என்றாள் ஜமுனா. கிராமசபை செல்லுபடியாக வேண்டுமென்றால் எங்கள் ஊராட்சிக்கு நூறு பேர் வர வேண்டும். குப்பத்துப் பெரியவர் வரதன், என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, ஊருக்குள் சொல்லிவிட்டார்: "நம்ம வூட்டு ஆளுங்க எவரும் அங்க போவக்கூடாது." முதல் சபைக்கு நாற்பது பேர். கலைந்தது. இரண்டாவதுக்கு முப்பது. அதுவும் கலைந்தது.

மூன்றாவது, மே ஒன்றாம் தேதி. அதற்கு முந்தின வாரம் என் மகன் டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "இந்த வாட்டியும் ஆள் சேரலன்னா, இந்தம்மாவால சபை நடத்த முடியலன்னு கலெக்டருக்கு எழுதறேன். அப்புறம் பதவி எங்க, வழி எங்க."

துணையில் உட்கார்ந்து யோசித்தோம். ஏரிமேட்டில் மட்டும் நூறு பேருக்கு மேல் ஓட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தாலே போதும். எத்தனை மணிக்கு வைப்பது? நான்தான் சொன்னேன், பதினொரு மணி என்று. நான் அனுப்பம்பட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மீன் விற்றுவிட்டுப் பத்தரைக்குள் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் தோது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஜமுனாவும் ஆட்டினாள். நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து உட்கார்ந்திருந்தோம். ஒன்றியத்திலிருந்து பற்றாளராக ஒரு அம்மா வந்திருந்தார், கிராமசபையை மேற்பார்வை பார்க்க. பெயர் அனிதா. பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால் ஆயிற்று. எண்ணிப் பார்த்தால் இருபத்துநாலு பேர். எதிரே டீக்கடையில் எங்கள் ஆண்கள் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா தலைவி, நாற்காலிங்க எல்லாம் கரெக்டா வந்துருச்சி. ஆளுங்கதான் லேட்டா?" என்றான் என் மகன்.

நான் ஜமுனாவிடம் கேட்டேன்: "எங்கடி உங்க சனம்?"

"ஏரியில."

"சபை இருக்குன்னு தெரியாதா?"

"தெரியும் பெரிம்மா. இன்னிக்கித் தண்ணி பத்து மணிக்கு எறங்குது. ரெண்டு மணிக்குள்ள ஏறிடும். இந்நேரம் வுட்டா இன்னிக்கி சோறு இல்ல."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையில் கிழவியானவள், பஸ் நேரத்தைப் பார்த்து நேரம் குறித்தேன். தண்ணீர் நேரத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு வலைதான் தண்ணீர் பார்க்கும். அவர்களுக்கு உடம்பே பார்க்க வேண்டும்.

"அன்னிக்கே ஏண்டி சொல்லல?"

"எல்லாரும் பஸ்ஸு பத்திப் பேசிக்கினு இருந்தீங்க. எங்க தண்ணி பத்தி ஒருத்தரும் கேக்கல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. துணை துணை என்று பேர் வைத்துக்கொண்டு, எங்கள் கொட்டகையில் அவர்களை உட்கார வைத்தோமே தவிர, அவர்கள் பேச இடம் விட்டோமா?

பற்றாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு மேல காத்திருக்கணுமா? ஆள் சேரலைன்னு எழுதிடட்டுமா?"

"மேடம், எத்தினி மணிக்குள்ள ஆளுங்க வரணும்னு சட்டத்துல இருக்கா?" என்றாள் ஜமுனா.

"அப்படி நேரம் எதுவும் இல்லம்மா. நான் இருக்கிற வரைக்கும் வரலாம்."

"எப்ப வரைக்கும் இருப்பீங்க?"

அந்த அம்மா என் மகனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல" என்றார்.

என் மகன் உடனே போனை எடுத்தான். ஏரிமேட்டு இறாலை வாங்குகிற வியாபாரி நாகப்பன் எங்கள் குப்பத்தான். தினமும் துறையில் தராசு போடுவான். "நாகப்பா, இன்னிக்கி அஞ்சு மணிக்கு மேல போய் எடை போடு. அவசரம் இல்ல" என்றான். மே மாத வெயிலில் இறாலை வைத்துக்கொண்டு அவர்கள் துறையை விட்டு நகர முடியுமா? ஐந்து மணி வரை அங்கேயே காத்துக்கிடப்பார்கள். இங்கே சபை கலைந்துவிடும். என் வயிற்றில் பிறந்தவனுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜமுனா என்னைப் பார்த்தாள். "பெரிம்மா, உங்க தராசு எங்க?"

"வூட்டுல."

"எடுத்தாங்க. எங்க இறாவ நீங்க எடை போடுங்க. நீங்களே எடுத்துக்கினு போய் வித்துக்குங்க. குப்பத்துப் பொம்பளைங்க எங்க கிட்ட நேரா வாங்கக்கூடாதுன்னு ஊர்க்கட்டு கீது. தெரியும். இருந்தாலும் கேக்கிறேன்."

அந்தக் கட்டு என் மாமியார் காலத்திலிருந்து இருக்கிறது. நான் எழுந்தேன். என்னோடு வந்திருந்த குப்பத்துப் பெண்கள் ஏழு பேரும் எழுந்தார்கள். டீக்கடையிலிருந்து என் மகன் குறுக்கே வந்தான்.

"அம்மா, எங்க போற?"

"தராசு எடுக்க."

"ஊர்க்கட்டு மறந்துட்டியா?"

"உனக்கு அத சொல்லிக் குடுத்தவளே நாந்தான் நைனா. நகரு."

தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து, இரண்டு மணிக்கு ஜமுனா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். அன்றைக்குக் கட்டியிருந்தது புதுப் புடவை, சபைக்கென்று எடுத்தது. மூங்கில் நட்ட வழியாகவே போனாள், சுற்றிப் போகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று ஏலக் குரலில் கூப்பிட்டாள். தூரத்தில் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வாயில் பறி. யாரும் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியாது. கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் தராசு வைத்தோம். ஈரத்தோடு, சேற்றோடு, பறியில் துள்ளுகிற இறாலோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ராஜேந்திரனும் ஆண்கள் பத்துப் பதினைந்து பேரும் பின்னால் வந்தார்கள். எடை போட்டு, ஐஸ் பெட்டியில் கொட்டி, உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். வகுப்பறை முழுக்கச் சேற்று வாடை. பற்றாளர் அம்மா காலை மேலே தூக்கிக்கொண்டார். எழுந்து போகவில்லை.

வருகைப் புத்தகத்தில் கைநாட்டு வைக்கும்போது என் மகன் உள்ளே வந்தான். "மேடம், இதெல்லாம் செல்லாது. இவங்க விரல ரேஷன் கடை மிஷினே ஏத்துக்கறது இல்ல. பாருங்க, வெறும் மைக்கறை."

பொய் சொல்லவில்லை. சேற்றைத் துழாவித் துழாவி அவர்கள் விரலில் ரேகையே இருக்காது. எல்லோருக்கும் மூத்தவள் அம்மணி வைத்த கைநாட்டு ஒரு கரும்புள்ளி மாதிரிதான் இருந்தது. அம்மணி தன் விரலைத் தானே திருப்பிப் பார்த்தாள்.

"ரேகதான் தேஞ்சி போச்சு தினகரா. ஆளு இன்னும் தேயல. இங்கதான குந்திக்கினு கீறேன், தெரியலியா?"

"ஓட்டு போட்டப்ப இந்த விரலுக்குத்தான மை வெச்சாங்க? அன்னிக்கி செல்லுச்சா?" என்றாள் ஜமுனா.

பற்றாளர் அம்மா பேனாவை எடுத்து ஒவ்வொரு கைநாட்டுக்கும் பக்கத்தில் பெயரை எழுதினார். எழுதி முடித்து எண்ணினார். நூற்றுப் பதினொன்று.

தீர்மானத்தைப் படிக்க வேண்டும். ஜமுனா எழுந்து நின்றாள். சன்னல் ஓரமெல்லாம் எங்கள் ஆண்கள். அவள் எழுத்தைக் கூட்டிப் படித்தாள். "ஏரி... மேடு... மக்... மக்கள்..." சன்னலில் சிரிப்பு. ஒருவன், "ஒண்ணாங் கிளாஸு நடக்குதுடோய்" என்றான்.

"நான் படிச்சுடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார் பற்றாளர் அம்மா.

"வேணாம் மேடம்."

நிறுத்தினாள். சிரிப்பு ஓயும் வரைக்கும் நின்றாள். பிறகு முதல் எழுத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். பாதியில் மறுபடியும் சிரித்தார்கள். மறுபடியும் நிறுத்தினாள். மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது முறை ஒரே ஒருவன் சிரித்தான். அவனுக்காகவும் நிறுத்தி முதலிலிருந்து வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஈரத் துணி உடம்பிலேயே காய்ந்துவிட்டது. ஒருத்தியும் அசையவில்லை. தண்ணீரில் ஐந்து மணி நேரம் குனிந்து நிற்கிற உடம்பு, தரையில் உட்காரவா அலுக்கும்? அலுத்தது சன்னலில் நின்றவர்களுக்குத்தான். வரதன் பெரியவரே, "படிக்க வுடுங்கடா, வெயிலு மண்டைய பொளக்குது" என்றார்.

நாலாவது முறை கடைசி எழுத்து வரைக்கும் படித்தாள். ஏரிமேட்டு மக்கள் துறைக்குப் போகும் வழி பொதுவழி. ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள். தூக்கினோம். மறுநாள் மூங்கிலைப் பிடுங்கியது ஏரிமேட்டார் இல்லை, நட்டவர்களே பிடுங்கினார்கள். பற்றாளர் அம்மா எழுதிய காகிதம் ஒன்றியத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் இராவோடு இராவாக யோசித்திருப்பார்கள்.

ஊர்க்கட்டை மீறினதற்காகக் குப்பத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "மறுபடியும் வாங்குவியா?" என்றார் வரதன். "நாளைக்கும் வாங்குவேன்" என்றேன். வாங்கிக்கொண்டும் இருக்கிறேன். ஊரைவிட்டுத் தள்ளி வைப்போம் என்றார்கள். எட்டுப் பெண்களைத் தள்ளி வைத்தால் எட்டு வீட்டில் யார் சமைப்பது என்று பேச்சு வந்து, அது அப்படியே நின்றுபோயிற்று.

ஜமுனாவின் ஐந்து வருஷமும் முடிந்துவிட்டது. புதுத் தேர்தல் இன்னும் வைக்கவில்லை; அதனால் இப்போது தலைவர் கிடையாது, அதிகாரி பார்த்துக்கொள்கிறார். அவள் பழையபடி ஏரியில் இறங்குகிறாள். அடுத்த தேர்தலில் இந்த இடம் பொது ஆகிவிடும் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஆனால் யாரும் நிற்கலாம். குப்பத்து ஆண்களும் நிற்கலாம். என் மகன் நிற்கப் போகிறான்.

"அது இனிமே உங்க சீட்டு இல்ல" என்று துறையில் வைத்தே அவளிடம் சொன்னான்.

பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "பொதுன்னா எனக்கும் சேத்துத்தானுங்க பொது. நானும் நிப்பேன்."

தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் காத்திருக்கவில்லை. துணைப் பெண்கள் ஜமுனாவைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டோம். முதல் வீடு எது என்று கேட்டார்கள். என் மகன் வீடு என்றேன். இந்திராணியே தயங்கினாள். "ஓட்டு கீதா இல்லியா அந்த வூட்டுல? கீதுல்ல? நட" என்றேன்.

கதவைத் திறந்தவள் என் மருமகள் அமுதவல்லி. ஜமுனாவைப் பார்த்ததும் பாய் எடுத்துப் போட்டாள்.

"எங்க அவன்?" என்றேன்.

"உள்ளதான் அத்தே. நீங்க வர்றத பாத்துட்டு, தூங்குற மாதிரி படுத்துக்கினு கீறாரு."

"படுக்கட்டும். ஜமுனா, நீ சத்தமா பேசு."